வந்தவாசியின் சோற்று வண்டிகள்

1985 ஜனவரி 6, ஞாயிறு

டைரி எழுதும் வழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது. சாலமன் கொடுத்த டைரி வீணாகப் போகிறதே என்றுதான் ஆரம்பிக்கிறேன். சாலமன் என்னோடு கல்லூரி பௌதிக லேபில் வேலை பார்க்கிறவர். அவருடைய மாமனாருக்கு உரக்கடை. அதனால் இந்த டைரியில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் யூரியாவைப் பற்றி ஒரு வரி இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கிலாந்திலிருந்து பென்னிங்டன் பதில் போட்டுவிட்டார். கம்ப்யூட்டரில் ஆடும் போர் விளையாட்டுகளை கேசட்டில் பதிந்து தபாலில் விற்கிறவர். வந்தவாசிச் சண்டையை வைத்து ஒரு விளையாட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று நவம்பரில் அவருக்கு எழுதியிருந்தேன். மார்ச் முடிவதற்குள் முழு டேப்பையும் அனுப்பச் சொல்கிறார். ஒரே ஒரு நிபந்தனை. இரண்டு பேர் ஆடுகிற விளையாட்டு வேண்டாமாம், ஒரு பக்கத்தை மெஷினே ஆட வேண்டுமாம். 'என் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோருக்கு எதிரே உட்கார ஆள் கிடையாது, அதனால்தான் வாங்குகிறார்கள்' என்று எழுதியிருக்கிறார். பாவப்பட்ட ஜனங்கள். எனக்கு அந்தக் கஷ்டம் இல்லை, என் மனைவி குமுதா இருக்கிறாள்.

கடிதத்தைக் குமுதாவிடம் காட்டினேன். முழுக்கப் படித்தாள்.

"நல்ல விஷயம்தானே. தண்ணி லாரி வந்திருக்கு, அந்தக் குடத்தை எடுத்துட்டு வாங்க" என்றாள்.

ஜனவரி 9, புதன்

கம்ப்யூட்டர் என் தம்பி சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. ரப்பர் சாவிகள், 48K நினைவிடம். டிவியோடும் டேப் ரிக்கார்டரோடும் இணைத்தால்தான் வேலை செய்யும். ஆகவே நான் வேலை செய்யும்போது வீட்டில் டிவி கிடையாது. குமுதா வெள்ளிக்கிழமை பாட்டு நிகழ்ச்சியை எதிர்வீட்டில் போய்ப் பார்க்கிறாள். அவளுக்கும் நாலு பேரோடு பழகின மாதிரி இருக்கும்.

வந்தவாசி எங்கள் பழைய விளையாட்டு. எனக்குச் சொந்த ஊர் செய்யாறு, வந்தவாசி பக்கம்தான். கல்யாணமான புதிதில் எல்லோரும் ஊட்டிக்குப் போவார்கள். நான் அவளை வந்தவாசிக்கு அழைத்துப்போய் போர்க்களத்தை அளந்தேன். அளவு டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் ஏரிக்கரை நெடுக நடந்தாள். திரும்பி வந்து சார்ட் பேப்பரில் தேன்கூடு மாதிரி ஆறு பக்கக் கட்டங்கள் போட்டு, தீப்பெட்டி அட்டையை வெட்டிப் படைகள் செய்து, ஆறு வருடமாக ஆடினோம். நான் ஆங்கிலேயன், அவள் பிரெஞ்சு. எந்தப் பக்கம் வேண்டுமென்று அவளை நான் கேட்டதாக ஞாபகமில்லை.

இப்போது சிக்கல் என்னவென்றால் இந்தத் திரையில் ஆறு பக்கக் கட்டம் வரைந்தால் எழுத்துக்கூட வைக்க இடம் மிஞ்சாது. இன்று முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். குமுதா வெங்காயம் உரித்துக்கொண்டே எதிர்வீட்டு மதில் கட்டுகிறவர்களைப் பார்த்து, செங்கல்லை அரை அரையாகத் தள்ளி வைக்கிறார்களே, அப்படி வைத்தால் ஒவ்வொரு கல்லும் ஆறு கல்லைத்தானே தொடுகிறது என்று ஏதோ சொன்னாள். சற்று நேரத்தில் எனக்குச் சட்டென்று ஒரு யோசனை வந்தது. சதுரங்களையே வரிசைக்கு வரிசை அரைக் கட்டம் தள்ளிவிட்டால் போதும்! என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஜனவரி 18, வெள்ளி

சனியன் பிடித்த கரண்ட்! மதியத்திலிருந்து அடித்த அத்தனையும் போயிற்று. டேப்பில் ஏற்றியிருக்க வேண்டும். இதோ ஏற்றலாம் என்று நினைத்த நேரத்தில்தான் குமுதா காபியோடு வந்து நின்றாள்.

"ஆபீசர் லிஸ்ட்ல என் பேர் வந்திருக்குங்க. மதுரைக்குப் போடறாங்களாம். மார்ச்ல சேரணும், இல்லேன்னா வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடணும். நீங்க என்ன சொல்றீங்க?"

அவள் பல்லாவரத்தில் பாங்க் கிளார்க். பரீட்சை எழுதியது எனக்கும் தெரியும். ஒரு நிமிஷம் இரு என்று சொன்னேன். அந்த ஒரு நிமிஷத்தில் கரண்ட் போயிற்று. பிறகு எனக்கு இருந்த ஆத்திரத்தில் யாரோடும் பேசத் தோன்றவில்லை.

காபி ஆறிவிட்டது.

ஜனவரி 22, செவ்வாய்

வந்தவாசிச் சண்டை நடந்த தேதி. அதைக் கொண்டாடும் விதமாக ஏரிக்கரை முழுவதையும் திரையில் வரைந்து முடித்தேன்.

ஜனவரி 27, ஞாயிறு

மெஷினுக்கு எப்படி ஆடக் கற்றுக்கொடுப்பது? கண்டபடி பக்கத்திலிருப்பவனைச் சுடு என்று எழுதினால் அது பைத்தியக்காரன் போல ஓடிவந்து சாகிறது. அதை ஜெயிப்பதில் யாருக்கு என்ன பெருமை?

இன்றைக்கு வழி கிடைத்துவிட்டது. பிரெஞ்சுப் படையை யார் நன்றாக ஆடுகிறார்கள்? குமுதா. அவள் ஆடுவதை நான் ஆறு வருடமாகப் பார்க்கிறேன். ஒரு தாளில் எழுதி வைத்தேன். ஏரிக்கரையை விடமாட்டாள். ஒரு குதிரைப்படையை எப்போதும் பின்னால் வைத்திருப்பாள். ஓடுகிறவனைத் துரத்தமாட்டாள். மிரட்டினால் நகரமாட்டாள்.

சோற்று விஷயம் ஒன்று இருக்கிறது. அது அவளே போட்ட விதி. செஞ்சிச் சாலையில் பிரெஞ்சுக்காரர்களுக்குச் சோற்று வண்டிகள் வரும். முன்பெல்லாம் வண்டியை நான் மறித்தால் அவள் படைக்குப் பலம் குறையும், அவ்வளவுதான். ஒருநாள் அவள், "இது என்ன அநியாயம்? சோறு வராத படை எதுக்குங்க அங்கேயே நின்னு சாகணும்? ரெண்டு சுற்று பார்க்கும், கேட்கும். மூணாவது தடவை கேட்காது. மூட்டையைக் கட்டிட்டு ஒழுங்கா ஊரைப் பார்க்கப் போயிடும்" என்றாள். அன்றிலிருந்து அது எங்கள் வீட்டுச் சட்டம். அதையும் அப்படியே எழுதிவிட்டேன். இரண்டு சுற்று காத்திரு. மூன்றாவதில் கிளம்பு.

மெஷின் இப்போது அழகாக ஆடுகிறது. ஒரு நகர்வுக்கு நாலு நிமிடம் யோசிக்கிறது. குமுதாவும் அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வாள். ஆனால் நடுநடுவே ஆபீஸில் மானேஜர் சொன்னது, அவள் அக்கா வீட்டில் கன்று போட்டது என்று பேசிக்கொண்டே இருப்பாள். மெஷின் பேசுவதில்லை. அந்த மட்டில் சௌகரியம்.

பிப்ரவரி 2, சனி

எரிவாயு தீர்ந்துவிட்டது. மண்ணெண்ணெய் வரிசையில் நின்றது நான்தான் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

பிப்ரவரி 8, வெள்ளி

பீரங்கி சுடும்போது புகை வருகிறது! சின்னச் சின்னப் புள்ளிகளாகக் கிளம்பி, விரிந்து, கரைகிறது. பென்னிங்டன் இதைப் பார்த்து நாற்காலியிலிருந்து விழப்போகிறார். கொஞ்சம் இடத்தைத் தின்கிறது, தின்றால் தின்னட்டும்.

குமுதா எதிர்வீட்டிலிருந்து பாட்டு கேட்டுவிட்டு வந்தாள். புகையைக் காட்டினேன். பார்த்தாள்.

"மதுரை விஷயம் கேட்டேனே, ஒண்ணும் சொல்லலையே. நீங்க என்ன சொல்றீங்க?"

"இந்தப் புகை கரையறப்போ கொஞ்சம் வேகமா கரையணும், இல்லே?" என்றேன்.

"ஆமா. வேகமா கரையணும்" என்றாள்.

அவளுக்கு இதிலெல்லாம் நல்ல கண்.

பிப்ரவரி 10, ஞாயிறு

சாலமன் சாப்பிட வந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு விளையாட்டை ஆடவிட்டேன். மனிதர் மூன்று முறை தோற்றார். ஏரிக்கரையை நெருங்கவே முடியவில்லை.

"சார், இது மெஷின் மாதிரியே இல்லை சார். யாரோ எதிர்ல உட்கார்ந்து நிதானமா ஆடற மாதிரி இருக்கு" என்றார்.

எனக்கு ஒரே பெருமை. "யார்னு கண்டுபிடிங்க பார்க்கலாம்" என்றேன். அவர் திரும்பிச் சமையலறைப் பக்கம் பார்த்தார். குமுதா தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். அதற்குமேல் அவர் சிரிக்கவில்லை, கிளம்ப வேண்டும் என்றார். மாமனார் வீட்டில் ஏதோ வேலையாம்.

மதுரை விஷயத்தை அவள் பிறகு பேசவில்லை. வேண்டாமென்று விட்டுவிட்டாள் போலிருக்கிறது. நல்லதுதான். இந்த வயதில் புது ஊர், புது வீடு, யாரால் முடியும்?

பிப்ரவரி 17, ஞாயிறு

இன்று குமுதா அவளாகவே வந்து டிவி முன்னால் உட்கார்ந்தாள்.

"நான் ஆடிப் பார்க்கறேன்" என்றாள். அவள் ஆங்கிலேயப் பக்கம், மெஷின் பிரெஞ்சு. முதல்முறையாக அவள் ஆங்கிலேயப் பக்கம் ஆடுகிறாள். நான் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

நாலைந்து சுற்று ஆடினாள். மெஷின் ஏரிக்கரையில் நின்றது. அவள் ஒரு படையை வேண்டுமென்றே பின்வாங்கவிட்டாள். மெஷின் துரத்தவில்லை. அவள் கை சாவியின் மேல் அப்படியே நின்றது.

"இது நானு" என்றாள்.

"எப்படி?" என்றேன். காது வரைக்கும் சிரிப்பு எனக்கு.

"நான் இவ்வளவுதானா?"

இவ்வளவுதானா என்றால்? அது ஆயிரம் வரிக்கு மேல்! சொன்னேன். அவள் ஆட்டத்தைத் தொடர்ந்தாள். பிறகு தோப்புக்குப் பின்னால் ஒரு குதிரைப்படையை ஒளித்து வைத்தாள். அடுத்த சுற்றிலேயே மெஷின் தன் பீரங்கியைத் தோப்புப் பக்கம் திருப்பியது. திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நான் ஒளிச்சு வெச்சது அதுக்கு எப்படித் தெரியும்?"

உண்மையைச் சொன்னேன். எல்லாப் படையும் இருக்கும் இடம் மெஷினின் நினைவில் இருக்கிறது. அது பார்த்துவிடுகிறது. பார்க்காத மாதிரி ஆடவைக்க நிறைய எழுத வேண்டும், இடமும் போதாது. இப்போது வருகிற எல்லா விளையாட்டிலும் மெஷின் கொஞ்சம் எட்டிப் பார்க்கத்தான் செய்கிறது.

"நடுவுல நியூஸ் பேப்பரை நிக்க வெச்சு ஆறு வருஷம் ஆடினோம். நான் ஒருநாளாவது உங்க பக்கம் எட்டிப் பார்த்திருக்கேனா? என்னை மாதிரி ஆடுதுன்னு சொல்லிட்டு அதை ஏமாத்த விடாதீங்க."

அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதே கிடையாது. சரி சரி, மாற்றிவிடுகிறேன் என்றேன். எழுந்து போகும்போது வாசற்படியில் நின்று, "எனக்குப் பதிலா ஒண்ணு தயார் பண்ணிட்டீங்க. நல்லா இருக்கு" என்றாள்.

நல்லா இருக்கு என்று அவள் வாயால் வாங்குவது லேசில்லை.

பிப்ரவரி 20, புதன்

குமுதாவின் தையல் மெஷின் செங்கல்பட்டில் அவள் அக்கா வீட்டுக்குப் போயிற்று. ரிப்பேராம். அக்காவின் மகன் வேனோடு வந்து எடுத்துப் போனான். அது இருந்த இடத்தில் டேப்புகளை அடுக்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 23, சனி

மெஷின் இனி எட்டிப் பார்க்காது. தனக்குத் தெரிகிற தூரத்தில் இருப்பதை மட்டும்தான் அது பார்க்கும், மற்றபடி ஊகிக்க வேண்டும். முதுகெலும்பு ஒடிந்துவிட்டது எனக்கு. ஆனால் இப்போது இடம் போதவில்லை, ஓடவிட்டால் நினைவிடம் நிறைந்துவிட்டது என்று நின்றுவிடுகிறது. எதையாவது எடுத்தாக வேண்டும்.

எதை எடுப்பது? புகையை எடுக்க மனம் வரவில்லை. முகப்புப் படத்தில் கோட்டைமேல் கொடி பறக்கிறது, அதையும் எடுக்க முடியாது. கடைசியில் செஞ்சிச் சாலையில் வரும் சோற்று வண்டிகளை எடுத்துவிட்டேன். யார் கவனிக்கப் போகிறார்கள்? சண்டை பார்க்க வருகிறவன் வண்டி பார்க்க வருவானா? படைகள் தம் பாட்டுக்கு ஆடட்டும். இப்போது எல்லாம் கச்சிதமாக அடங்குகிறது.

குமுதாவின் புத்தகங்கள் அலமாரியில் இல்லை. நூலகத்துக்குக் கொடுத்திருப்பாள்.

பிப்ரவரி 26, செவ்வாய்

சாப்பிடும்போது, "வெள்ளிக்கிழமை வைகைல டிக்கெட் போட்டிருக்கேன்" என்றாள்.

"எதுக்கு?"

"மதுரைக்கு. திங்கக்கிழமை சேரணும்."

கையில் எடுத்த சாதத்தைத் தட்டிலேயே வைத்தேன். "சொல்லவே இல்லையே!"

"சொன்னேன். ரெண்டு தடவை."

மோர் ஊற்றினாள். சண்டை போட்டிருந்தாலாவது ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் அமைதியாக மோர் ஊற்றுகிறாள். உப்பு போதுமா என்று கேட்கிறாள்.

மார்ச் 1, வெள்ளி

எழும்பூர் வரைக்கும் போய் ஏற்றிவிட்டு வந்தேன். ஒரு பெட்டி, ஒரு பை. இவ்வளவுதான் சாமானா என்று நினைத்தேன். மற்றதெல்லாம் எப்போதோ போய்விட்டிருக்கிறது.

ஜன்னல் பக்கம் அவள். பிளாட்பாரத்தில் நான். எதையாவது சொல்ல வேண்டுமென்று வாயைத் திறந்து, "டேப் முடிஞ்சதும் லீவு போட்டு வந்து பார்க்கறேன்" என்றேன்.

"பால்காரர்கிட்ட இனிமே அரை லிட்டர் போதும்னு சொல்லியாச்சு" என்றாள்.

வண்டி கிளம்பியது.

மார்ச் 3, ஞாயிறு

சாதம் அடிப்பிடித்தது.

மார்ச் 5, செவ்வாய்

வேலை வேகமாக நடக்கிறது. ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு சுற்று மட்டும் ஓடவிட்டுச் சரிபார்க்கிறேன். தொந்தரவு செய்ய ஆளில்லை. மெஷின் யோசிக்கும் நாலு நிமிடத்தில் என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கிறேன். மறுபடி வந்து உட்கார்ந்து மறுபடி எழுகிறேன்.

மார்ச் 8, வெள்ளி

எதிர்வீட்டு அம்மா வாசலில் நின்று, "பாட்டு போடற நேரமாச்சே, குமுதா இல்லாம எங்களுக்கே என்னமோ மாதிரி இருக்கு. எப்ப வர்றா?" என்று கேட்டார்.

ஒன்றாம் தேதி என்று ஏதோ உளறிவைத்தேன். எந்த மாதம் என்று அவர் கேட்கவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

விளையாட்டு முடிந்தது என்று நினைத்து, பென்னிங்டனுக்கு அனுப்பும் முன் ஒரு முழு ஆட்டம் ஆடினேன். என் வாழ்க்கையில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

நன்றாகத்தான் ஆரம்பித்தது. இரண்டு சுற்று மெஷின் ஏரிக்கரையில் அசையாமல் நின்றது. மூன்றாவது சுற்றில் அதன் பீரங்கிகள் பின்னால் நகர்ந்தன. ஏதோ தந்திரம் செய்கிறது என்று நான் உஷாரானேன். அடுத்து காலாட்படை, வரிசை கலையாமல், செஞ்சிச் சாலையில். நான் சுட்டேன், திருப்பிச் சுடவில்லை. குதிரைப்படை ஒன்று மட்டும் ஏரிக்கரை முனையில் எல்லோரும் போகும்வரை நின்றது. பிறகு அதுவும் திரும்பிப் போய்த் திரையின் ஓரத்தில் மறைந்தது.

என் பக்கத்தில் ஒருவனும் சாகவில்லை. போர்க்களம் முழுவதும் என்னுடையது. கோட்டைமேல் கொடி பறந்தது. நீங்கள் வெற்றி பெற்றீர்கள் என்று மெஷின் பெரிய எழுத்தில் போட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று பீரங்கியை ஒரு தடவை சுட்டேன். அழகான புகை. வேகமாகக் கரைந்தது.

எங்கோ ஒரு தப்பு இருக்கிறது.

மார்ச் 11, திங்கள்

மறுபடி ஓடவிட்டேன். மறுபடி கிளம்பிப் போகிறார்கள்.

மார்ச் 12, செவ்வாய்

போகிறார்கள்.

மார்ச் 13, புதன்

சாலமன் வந்து பார்த்தார். அவரும் ஆடினார், ஜெயித்தார். முதல்முறை ஜெயிக்கிறவருக்கு முகத்தில் சந்தோஷமே இல்லை.

"இது ஓடற மாதிரி இல்லை சார். தோத்தவன் இப்படிப் போகமாட்டான். முதல்ல கனமான சாமான், அப்புறம் ஆளுங்க. நாள் பார்த்து வீட்டைக் காலி பண்ற மாதிரி போறாங்க" என்றார். பிறகு, "அம்மா எப்படி இருக்காங்க? லெட்டர் ஏதாவது?" என்று கேட்டார்.

தையல் மெஷின் இருந்த இடத்தில் அடுக்கியிருந்த டேப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புதன்கிழமை தையல் மெஷின். சனிக்கிழமை புத்தகங்கள். வெள்ளிக்கிழமை அவள்.

இது தற்செயல். நான் தப்பைத் தேட வேண்டும்.

மார்ச் 16, சனி

கிடைத்துவிட்டது. தப்பே இல்லை.

சோறு வந்ததா என்று ஒவ்வொரு படையும் சுற்றுக்கு ஒருமுறை கேட்கிறது. வரவில்லை. இரண்டாவது சுற்றிலும் கேட்கிறது. வரவில்லை. எப்படி வரும்? வண்டியை எடுத்தவன் நான். புகைக்கு இடம் வேண்டுமென்று வண்டியை எடுத்தேன், ஆனால் கேட்கிற வரிகளை எடுக்கவில்லை. மூன்றாவது சுற்றில் மெஷின் நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்கிறது.

இரண்டு வழிகள் இருக்கின்றன. கேட்கிற வரிகளை எடுத்துவிட்டால் படை எதுவும் கேட்காமல் அங்கேயே நின்று சண்டை போடும், பென்னிங்டனுக்கும் ஒன்றும் தெரியாது. அது அரை மணி நேர வேலை. இல்லையென்றால் வண்டிகளைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

அந்த வரிகளின் முன்னால் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அழிக்கக் கை வரவில்லை. பயமாக இருந்தது. எதற்குப் பயம் என்று எழுதத் தெரியவில்லை. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை, அதுதான்.

மார்ச் 17, ஞாயிறு

புகையை எடுத்தேன். கொடியையும் எடுத்தேன். முகப்புப் படத்தையே எடுத்துவிட்டேன். வண்டிகள் வந்துவிட்டன. திரையில் பார்க்க ஒன்றுமே இல்லை, செஞ்சிச் சாலையில் சின்னச் சின்னப் புள்ளிகள் ஊர்ந்து வருகின்றன. பிரெஞ்சுப் படை ஏரிக்கரையில் நின்று என்னை இரண்டு தடவை தோற்கடித்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

யாரிடமாவது சொல்லலாமென்று திரும்பினேன்.

மார்ச் 20, புதன்

ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். கேட்டதும் கிடைத்தது. இத்தனை வருடத்தில் நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை என்று டிபார்ட்மென்ட் ஹெட் ஆச்சரியப்பட்டார்.

மார்ச் 22, வெள்ளி

செங்கல்பட்டுக்குப் போனேன். குமுதாவின் அக்கா கதவைத் திறந்துவிட்டு, உட்காரச் சொல்லக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். தையல் மெஷினை எடுத்துப்போக வந்திருக்கிறேன், ரிப்பேர் முடிந்துவிட்டதா என்று கேட்டேன்.

"இதுல என்ன ரிப்பேர்? நல்லாத்தானே ஓடுது." முந்தானையால் அதன் மேல் தூசியைத் துடைத்தார். "ரிப்பேர் எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியலையா தம்பி? அவ ஒரு வார்த்தை உங்களைப் பத்தி இங்க தப்பா பேசலை. பேசியிருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன். அங்கே மாடியில ஒரு ரூம்ல இருக்கா. ஜாக்கெட் தைக்க ஊசிநூலை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காளாம்."

காபி கொடுத்தார். குடிக்கும்போது தலையை நிமிர்த்தவில்லை நான். மெஷினை அவர் மகன் அட்டைப்பெட்டியில் வைத்துக் கயிறு கட்டிக் கொடுத்தான். கால்மிதியோடு உள்ள ஸ்டாண்டை விட்டுவிட்டு மேலே இருப்பதை மட்டும் எடுத்தும், தூக்கினால் இடுப்பு கழன்றுவிடும்போல இருந்தது. இதை வேனில் ஏற்றி அனுப்பும்போது நான் எப்படி டேப் அடுக்கிக்கொண்டிருந்தேன்?

மார்ச் 24, ஞாயிறு, மதுரை

நேற்று வைகையில் வந்தேன். அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொள்ளாத குறை. எதிர் சீட்டுக்காரர் அதில் என்ன என்று கேட்டார். சோற்று வண்டி என்று சொல்லியிருக்கலாம், பயந்து வேறு சீட்டுக்குப் போயிருப்பார்.

தங்கியது ஸ்டேஷன் பக்கம் ஒரு லாட்ஜில். காலையில் சைக்கிள் ரிக்‌ஷா பிடித்துத் தல்லாகுளத்தில் அக்கா சொன்ன வீட்டுக்குப் போனேன். ரிக்‌ஷாக்காரர், "என்னண்ணே, பொண்ணுக்குச் சீரா?" என்றார். ஆமாம் என்றேன். மாடிப்படி குறுகல். பாதி ஏறி மூச்சு வாங்க நின்றபோது மேலே கதவு திறந்தது. குமுதா தலையில் துண்டு கட்டியிருந்தாள், குளித்துவிட்டு வந்தவள். என்னைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். அதன் மூலையில் பொத்துக்கொண்டு வந்திருந்த சக்கரத்தைப் பார்த்தாள்.

"டேப்பை அனுப்பிட்டீங்களா?"

"இல்லை. அதுல ஒரு தப்பு இருந்துது. உன் படை பாதியில கிளம்பிப் போயிடுது."

"எவ்வளவு நேரம் காத்திருந்துது?"

"ரெண்டு சுற்று."

"அப்ப மெஷின் சரியாத்தானே ஆடியிருக்கு" என்றாள்.

படியில் நின்றபடியே சொன்னேன். "வண்டியை நான்தான் எடுத்தேன் குமுதா. இடம் பத்தலைன்னு."

"எதுக்கு இடம்?"

"புகைக்கு."

அவள் சிரித்துவிட்டாள். துண்டு அவிழும்வரை சிரித்தாள். பிறகு கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டாள், கொஞ்ச நேரம் தோள் மட்டும் தெரிந்தது. "அதை அங்கேயே பிடிச்சுக்கிட்டு நிக்கப் போறீங்களா? உள்ளே வாங்க" என்றாள்.

உள்ளே ஒரு பாய், ஒரு ஸ்டவ், ஜன்னலில் ஒரு துளசித் தொட்டி. தையல் மெஷினுக்கு அவள் ஏற்கெனவே ஒரு மேஜை போட்டு வைத்திருந்த மாதிரி இருந்தது. அது சமையல் மேஜை என்று சொன்னாள். நான் நம்பவில்லை.

பையில் பழைய சார்ட் பேப்பரைச் சுருட்டிக் கொண்டுவந்திருந்தேன். தீப்பெட்டி அட்டைப் படைகளும் இருந்தன. சாப்பாட்டுக்குப் பிறகு தரையில் விரித்தேன். அதில் அவள் காபி கொட்டிய கறை அப்படியே இருக்கிறது. நடுவில் நியூஸ் பேப்பரை நிற்க வைத்தேன்.

"நீ எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "இங்கிலீஷ்காரன்" என்றாள். "இன்னிக்கு நீங்க சோத்துக்குக் காத்திருங்க."

காத்திருந்தேன். அவள் என் வண்டியை முதல் சுற்றிலேயே மறித்தாள். இரக்கமே இல்லை. நடுநடுவே ஆபீஸ் கதையெல்லாம் சொன்னாள், புது மானேஜர், கோயில் பக்கத்து நெரிசல், ஆபீசரம்மா என்று கூப்பிடுகிற பியூன். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு அவளுடைய முறை வந்தது. அட்டையைக் கையில் எடுத்தவள் நகர்த்தாமல் வைத்திருந்தாள்.

"மதுரையைப் பத்தி நீங்க என்ன சொல்றீங்க?"

மூன்றாவது தடவை. இரண்டு சுற்று காத்திரு, மூன்றாவதில் கிளம்பு என்றுதான் நான் எழுதியிருக்கிறேன். ஆயிரத்துச் சொச்சம் வரியில் எங்கேயும், மூன்றாவது தடவை கேள் என்று ஒரு வரி கிடையாது. ஆறு வருடம் எதிரே உட்கார்ந்து பார்த்தும் எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

நடுவில் இருந்த நியூஸ் பேப்பரை எடுத்து மடித்து வைத்துவிட்டு, வந்துவிடுகிறேன் என்றேன். இங்கே எந்தக் காலேஜில் வேலை கிடைத்தாலும் சரி, கிடைக்கும்வரை சாதம் வடிக்கக் கற்றுக்கொள்கிறேன் என்றேன்.

"என்ன?" என்றாள், டிவி சத்தத்தில் காது கேட்காதவள் மாதிரி.

இந்த வீட்டில் டிவியே கிடையாது. இரண்டாவது தடவையும் சொன்னேன்.